கணக்கில் சேராத எண்

அன்புள்ள ஐயா,

என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கையும் தடுமாறாமல் செய்கிறாள். ஆனால் வாக்கியக் கணக்கு என்று வந்துவிட்டால், கண்ணில் படும் எல்லா எண்களையும் எடுத்து ஏதாவது செய்துவிடுகிறாள். வேண்டாத எண் ஒன்று இருந்தால் அதையும் விடுவதில்லை. ‘மொத்தம்’ என்று இருந்தால் கூட்டு, ‘மீதி’ என்று இருந்தால் கழி, தேவையில்லாத வரிகளை முதலிலேயே பென்சிலால் அடித்துவிடு என்றெல்லாம் சொல்லிக்கொடுத்துப் பார்த்துவிட்டேன். பலனில்லை. போதாக்குறைக்கு, கணக்கின் நடுவே ‘அந்த ரயில் ஏன் தாமதமாக வந்தது?’ என்று கேட்டு நேரத்தை வீணாக்குகிறாள். தேவையானதையும் தேவையற்றதையும் பிரிக்க எளிய வழி இருக்கிறதா? இது கற்றல் குறைபாடாக இருக்குமா? கதைப் புத்தகங்கள் அதிகம் படிப்பதால் வந்த கவனச்சிதறலா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். கதைப் புத்தகங்களின் மேல் பழி போடாதீர்கள். குறைபாடா என்று ஒரு கடிதத்தை வைத்துச் சொல்ல நான் மருத்துவன் அல்ல. நான்கு செயல்களையும் தடுமாறாமல் செய்கிற குழந்தைக்கு அப்படி ஒரு பெயரைச் சூட்ட உங்களுக்கு ஏன் இத்தனை அவசரம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

உங்கள் கடிதம் வந்த நேரத்தில் நான் ஒரு கப்பல் தலைவனின் வயதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளாபேர் இளைஞனாக இருந்தபோது தன் தங்கைக்கு ஒரு கடிதத்தில் வேடிக்கையாக ஒரு கணக்குப் போட்டார். கப்பலைப் பற்றி என்னென்னவோ விவரங்களை அடுக்கிவிட்டு, தலைவனின் வயது என்ன என்று முடித்தார். 1980ஐ ஒட்டி பிரான்சின் கிரெனோபிள் நகரத்துக் கணித ஆசிரியர்கள் அந்த வேடிக்கையைச் சிறு குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்தார்கள். ‘ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவனின் வயது என்ன?’ 97 குழந்தைகளில் 76 பேர் அந்த எண்களை வைத்தே விடை சொல்லிவிட்டார்கள். 2018இல் சீனாவில் ஓர் ஐந்தாம் வகுப்புத் தேர்வில் இதே கேள்வி வந்து பெரிய சர்ச்சை ஆயிற்று.

இதைக் கேட்டவுடன் ‘ஐயோ, குழந்தைகள் யோசிப்பதே இல்லை’ என்பார்கள் பெரியவர்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. சுவிட்சர்லாந்து ஆய்வாளர் குர்ட் ராய்சர் கேட்ட கேள்வி இது: ஒரு மந்தையில் 125 ஆடுகள், 5 நாய்கள், மேய்ப்பனின் வயது என்ன? ஒரு குழந்தை சொன்ன விளக்கத்தைப் பாருங்கள். 125உடன் 5ஐக் கூட்டினால் 130, அது மிக அதிகம். கழித்தால் 120, அதுவும் அதிகம். வகுத்தால் 25, அது பொருந்துகிறது. ஆக, மேய்ப்பனுக்கு 25 வயது. இது யோசிக்காத குழந்தையா? மனிதர்களின் வயது எந்த அளவில் இருக்கும் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. அதை வைத்து விடையைச் சரிபார்க்கவும் செய்கிறது. பெரியவர்கள் அச்சடித்துக் கொடுத்த கேள்விக்கு விடையே இல்லாமல் இருக்கலாம் என்பது மட்டும்தான் அதற்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? அது பார்த்த ஒவ்வொரு கணக்கிலும் தேவையான எண்கள் மட்டுமே இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு முறை பயன்பட்டது, ஒன்றும் மிஞ்சவில்லை. வருடக்கணக்கில் அப்படியே பழக்கிவிட்டு, திடீரென்று ஒரு நாள் வேண்டாத எண் ஒன்றை உள்ளே நுழைத்து ‘ஏமாந்தாயா?’ என்று கேட்பது எந்த ஊர் நியாயம்? உங்கள் மகள் எல்லா எண்களையும் பயன்படுத்துகிறாள் என்றால், கற்றுக்கொடுத்ததை ஒழுங்காகக் கற்றிருக்கிறாள் என்று பொருள்.

இப்போது உங்கள் பென்சிலுக்கு வருகிறேன். ‘மீதி’ என்றால் கழி என்கிறீர்கள். ஒருவனிடமிருந்து 5 பென்சில்கள் தொலைந்துவிட்டன, 12 மீதி இருக்கின்றன, முதலில் எத்தனை இருந்தன? உங்கள் விதிப்படி விடை 7. இந்தக் குறிச்சொல் வித்தையை விட்டொழியுங்கள். குழந்தை கணக்கைப் படிக்காமலேயே தப்பித்துக்கொள்ள நீங்களே கள்ளச்சாவி செய்து கொடுக்கிறீர்கள்.

வரிகளை முதலிலேயே அடிப்பது அதைவிட மோசம். 1150இல் பாஸ்கரர் எழுதிய லீலாவதி என்ற கணித நூலில் ஒரு வண்டுக் கணக்கு இருக்கிறது. ஒரு வண்டுக் கூட்டத்தின் பாதிக்கு வர்க்கமூலம் எவ்வளவோ, அத்தனை வண்டுகள் மல்லிகைப் புதருக்குப் போய்விட்டன. மொத்தத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் அங்கேயே போயிற்று. மணத்தில் மயங்கி இரவில் தாமரைக்குள் அடைபட்டுப்போன ஓர் ஆண் வண்டு உள்ளிருந்து முரல, வெளியே ஒரு பெண் வண்டு அதை நோக்கி ரீங்கரிக்கிறது. அழகிய பெண்ணே, வண்டுகள் எத்தனை? இதை உங்களிடம் கொடுத்தால் எதை அடிப்பீர்கள்? தாமரையையும் மணத்தையும் இரவையும் காதலையும், அதாவது மூன்றாவது வாக்கியத்தை முழுவதுமாக அடித்துவிடுவீர்கள். அதில் எண்ணே இல்லையே, வெறும் அலங்காரம்தானே! கணக்கும் அத்தோடு செத்தது. உள்ளே ஒரு வண்டு, வெளியே ஒரு வண்டு, ஆக இரண்டு என்பது அந்த அலங்காரத்துக்குள்தான் ஒளிந்திருக்கிறது. மொத்தம் 72 வண்டுகள். பாதி 36, அதன் வர்க்கமூலம் 6. ஒன்பதில் எட்டுப் பங்கு 64. மிச்சம் அந்த இரண்டும். அடித்தே தீர வேண்டும் என்று கை அரித்தால் ‘அழகிய பெண்ணே’ என்பதை அடித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே, ரயில் ஏன் தாமதமாக வந்தது என்று கேட்கும் பெண்ணை அதட்டாதீர்கள். அவள் எண்களை மட்டும் பொறுக்கவில்லை, ரயிலையும் பார்க்கிறாள். உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை தந்த ஒரே வரி அதுதான். நீங்கள் அதைக் குற்றப்பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள்.

என் கணக்கு ஆசிரியர் ஒருவருக்கு விசித்திரமான பழக்கம் உண்டு. கணக்கைக் கரும்பலகையில் எழுதுவார், கேள்வியை எழுத மாட்டார். ‘500 லிட்டர் கொள்ளும் தொட்டியில் 320 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. குழாயைத் திறந்தால் நிமிடத்துக்கு 15 லிட்டர் வெளியேறும். 3 நிமிடம் திறந்து மூடினார்கள்.’ அவ்வளவுதான். சுண்ணாம்புத் தூளைக் கையிலிருந்து தட்டிவிட்டு, ‘கேளுங்கள்’ என்பார். எங்களுக்குக் கேட்கத் தெரியாது. பதில் சொல்லத்தானே பழக்கியிருந்தார்கள். மெல்ல ஒருவன், எவ்வளவு வெளியேறியது என்று கேட்பான். 45 லிட்டர். ‘எந்த எண் சும்மா நிற்கிறது?’ 500உம் 320உம். இன்னொருவன், தொட்டியில் இப்போது எவ்வளவு இருக்கிறது என்பான். 275. இப்போது 320 உள்ளே வந்துவிட்டது, 500 மட்டும் வெளியே. நிரம்ப இன்னும் எவ்வளவு வேண்டும்? 225. இப்போது எந்த எண்ணும் சும்மா நிற்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண், தொட்டி எப்போது நிரம்பும் என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் பரபரவென்று வகுக்கத் தொடங்கிவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் எந்த வேகத்தில் உள்ளே வருகிறது என்று யாருமே சொல்லவில்லை என்பது எங்களுக்கு உறைக்க நெடுநேரம் ஆயிற்று.

எளிய வழி கேட்டிருந்தீர்கள் அல்லவா? 500 என்ற எண் வேண்டாதது என்று அதைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கேள்வி வந்த பிறகுதான் அது வேண்டாததாகிறது, அடுத்த கேள்வியில் வேண்டியதாகவும் ஆகிவிடுகிறது. கேள்வியிலிருந்து பின்னோக்கி நடக்கச் சொல்லுங்கள்: இதைச் சொல்ல எனக்கு என்ன தெரிய வேண்டும், அது இங்கே இருக்கிறதா? கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா 1945இல் இதையே சொன்னார். தெரியாதது எது என்பது அவருடைய முதல் கேள்வி, தரவுகள் எவை என்பது அதற்குப் பிறகுதான். கொடுத்த நிபந்தனை போதுமா, போதாதா, மிகையா, முரணா என்றும் கேட்கச் சொன்னார். நம் பயிற்சிப் புத்தகங்களில் ‘போதாதா’, ‘மிகையா’ இரண்டுக்கும் அநேகமாக வேலையே இல்லை.

செய்ய ஏதாவது வேண்டுமென்றால், அவளையே உங்களுக்கு ஒரு கணக்கு எழுதச் சொல்லுங்கள். அதில் ஓர் எண் வேண்டாததாக இருக்க வேண்டும், அது எது என்று நீங்கள் எளிதில் கண்டுபிடித்துவிடக் கூடாது. முதலில் ஓட்டப்பந்தய வீரனின் சட்டை எண்ணையோ புத்தகத்தின் பக்க எண்ணையோ வைப்பாள், சட்டென்று பிடித்துவிடுவீர்கள். லிட்டரை லிட்டருக்கு நடுவிலும் நிமிடத்தை நிமிடத்துக்கு நடுவிலும் ஒளித்துவைக்க அவளாகவே கற்றுக்கொள்ளும் நாளில், நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். அன்றைக்கு முகத்தைச் சுளிக்காமல் தோற்றுக்கொடுங்கள்.

இப்படி நிதானமாகப் படித்தால் தேர்வில் நேரம் போதாதே என்று அடுத்த கடிதம் எழுதுவீர்கள். போதாவிட்டால் ஒரு கணக்கை விட்டுவிட்டு வரட்டும்.