எடிசன் பேட்டரியில் ஏன் செல்ஃப் எடுக்கவில்லை?

பழைய கார்கள், அல்கலைன் (அமிலத்துக்குப் பதில் காரக் கரைசல் ஊற்றிய) பேட்டரிகள் பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கேள்வி: சார், எடிசனின் நிக்கல்-இரும்பு பேட்டரி பல பத்தாண்டுகள் உழைக்கும் என்கிறார்கள். அப்புறம் ஏன் செல்ஃப் ஸ்டார்ட்டருக்கு லெட் ஆசிட்டை (ஈயத் தகடும் அமிலமும் உள்ள பேட்டரியை) போட்டார்கள்?

பதில்: எடிசன் அதைச் செய்தது மின்சாரக் கார்களுக்காக, நாள் முழுக்க நிதானமாகக் கரன்ட் கொடுக்க. அதன் பாசிட்டிவ் தகட்டில் பென்சில் போன்ற, துளையிட்ட எஃகுக் குழாய்கள் வரிசையாக நிற்கும். உள்ளே நிக்கல் ஹைட்ராக்சைடு ஒரு அடுக்கு, மெல்லிய நிக்கல் சீவல் ஒரு அடுக்கு என்று மாற்றி மாற்றி இடித்து நிரப்பியிருப்பார்கள். எத்தனை குலுங்கினாலும் உதிராது, ஆனால் உள்தடை, அதாவது கரன்ட்டுக்கு பேட்டரியே உள்ளே போடும் தடை, அதிகம். ஸ்டார்ட்டரோ சில விநாடிகளுக்கு நூறு ஆம்பியருக்கு மேல் கேட்கும், அந்த நேரத்தில் வோல்டேஜ் படுத்துவிடும். குளிரில் இன்னும் மோசம்: எஞ்சின் ஆயில் கெட்டியாகி சுற்றவே முரண்டுபிடிக்கும் அதே காலையில்தான் இந்த பேட்டரியும் சோர்ந்து கிடக்கும். 1912 மாடல் காடிலாக் காரில் பொறியாளர் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் வந்தபோது கூடவே லெட் ஆசிட் வந்தது இதனால்தான்.

கேள்வி: ஒரு செல் 1.2 வோல்ட், ஐந்து போட்டால் 6 வோல்ட். கணக்கு சரிதானே?

பதில்: கொடுக்கும்போது சரி. சார்ஜ் ஏற்ற ஒரு செல்லுக்குச் சுமார் 1.7 வோல்ட் வேண்டும், ஐந்துக்கு 8.5. லெட் ஆசிட்டுக்கென்று ஏழு வோல்ட் சொச்சத்தில் வைத்த டைனமோ அதற்கு அரை வயிறுதான் நிரப்பும். டைனமோவை ஏற்றிவைத்தால் பல்பு போகும்.

கேள்வி: அண்ணா, ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தி காட்டும் கருவி) வைத்து எடிசன் செல்லைப் பார்த்தேன். சார்ஜ் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே இடத்தில் நிற்கிறது. செல் செத்துவிட்டதா?

பதில்: இல்லை. உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், அதன் அடர்த்தி லெட் ஆசிட்டில் போல சார்ஜைப் பொறுத்துப் பெரிதாக மாறாது, 1.2 பக்கத்திலேயே நிற்கும். ஆனால் ஒன்று சொல்லுங்கள், ஆசிட்டில் நனைத்த அதே ஹைட்ரோமீட்டரா? இரண்டுக்கும் தனித்தனியாக வையுங்கள். ஆசிட் ஊற்றிய புனலைக் கழுவாமல் எடுத்து நான் ஒரு நல்ல செல்லைப் பாழாக்கியிருக்கிறேன். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இந்தக் கரைசலைத் தொடாதீர்கள். விரலில் பட்டால் சோப்பு மாதிரி வழவழக்கும், அது உங்கள் தோல்தான் கரைவது.

கேள்வி: ஃபோர்டும் எடிசனும் நெருங்கிய நண்பர்கள். ஃபோர்டின் மாடல் டி காரில் எடிசன் பேட்டரி ஏன் வரவில்லை?

பதில்: நட்புக்காக உள்தடை குறையாதே! 1914 வாக்கில் எடிசன் பேட்டரியோடு ஒரு மின்சாரக் காருக்கே ஃபோர்டு முயன்றார், அது விற்பனைக்கு வரவில்லை. மாடல் டி-க்கு ஸ்டார்ட்டர் கிடைத்ததே 1919-இல், அதுவும் 6 வோல்ட் லெட் ஆசிட்டோடு. அதுவரை முன்னால் ஹேண்டிலைக் கையால் சுற்றித்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். இன்றும் ஹேண்டில் சுற்றுபவர்கள் கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வையுங்கள், எஞ்சின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு போய்விடும்.

கேள்வி: அப்படியானால் அல்கலைன் பேட்டரியில் செல்ஃபே எடுக்காதா?

பதில்: தாராளமாக எடுக்கும், ஆனால் அது நிக்கல்-காட்மியம். ஸ்வீடன் நாட்டுக் கண்டுபிடிப்பாளர் யுங்னர் 1899-இலேயே செய்தது. பின்னாளில் மெல்லிய தகடுகளோடு உள்தடையைக் குறைத்து, விமான எஞ்சினையும் டீசல் ரயில் எஞ்சினையும் கிளப்ப அதையே வைத்தார்கள். விலையால் கார் பக்கம் வரவில்லை.

கேள்வி: என்னிடம் நல்ல நிலையில் ஐந்து எடிசன் செல்கள் இருக்கின்றன. 1930 மாடல் காரில் போடலாமா?

பதில்: வேண்டாம். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் வண்டி, இந்த பேட்டரி சும்மா இருந்தாலே சார்ஜ் இறங்கும். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றி, காற்றோட்டமான இடத்தில் சோலார் விளக்குக்கு வையுங்கள்.