திரையைப் பார்த்து வரைபவர்

கேள்வி: பெல்ஜிய ஓவியர் லுக் டாய்மன்ஸ் செய்திப் படங்களையும் தொலைக்காட்சிக் காட்சிகளையும் பார்த்தே வரைகிறார் என்றும், அதனால் ஒருமுறை வழக்கில் சிக்கினார் என்றும் படித்தேன். கேமரா எடுத்து முடித்ததைத் தூரிகையால் மறுபடி எடுப்பதில் என்ன கலை இருக்கிறது?
– வாசகர், மதுரை

பதில்: 1958இல் ஆன்ட்வெர்ப் நகரை ஒட்டிய மோர்ட்செலில் பிறந்த டாய்மன்ஸ், எண்பதுகளின் தொடக்கத்தில் ஓவியத்தை விட்டுவிட்டுச் சில ஆண்டுகள் திரைப்படம் எடுத்துக்கொண்டிருந்தவர். படத்தை எங்கே வெட்டுவது, எவ்வளவு நெருங்குவது என்ற கணக்கு அவருக்கு அங்கே படிந்திருக்க வேண்டும். எடுத்த உடனே அச்சாகி வெளிவரும் போலராய்டு படங்களைப் பார்த்து வரைந்தவர், பின்னாளில் கைபேசிப் படங்களுக்கு மாறினார். காட்சி ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போதெல்லாம் நிறமும் விவரமும் கொஞ்சம் உதிர்கின்றன. வேறொருவர் அந்த இழப்பை ஈடுகட்டப் பார்ப்பார். இவரோ உதிர்ந்தது உதிர்ந்தபடியே, வண்ணம் காய்வதற்குள், பெரும்பாலும் ஒரே நாளில் வரைந்து முடித்துவிடுகிறார்.

2005இல் அவர் வரைந்த ‘வெளியுறவு அமைச்சர்’ ஓவியத்தில், அப்போது அமெரிக்காவில் அப்பதவியிலிருந்த காண்டலீசா ரைஸின் முகம் சுமார் 46க்கு 62 சென்டிமீட்டர் துணியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. இறுக மூடிய உதடுகள், இடுங்கிய கண்கள். பதவியில் இருப்பவர்களின் உருவப்படத்தில் வழக்கமாக வரும் மேசையோ கொடியோ கிடையாது. அது கோபமா, உறுதியா, வெறும் வெளிச்சக் கூச்சமா என்று எவ்வளவு நேரம் பார்த்தாலும் பிடிபடுவதில்லை. செய்திகளில் அன்றாடம் பார்த்துப் பழகிய முகம் இத்தனை அருகில் வந்தும் அந்நியமாகவே இருப்பது உறுத்துகிறது. செய்திப் படத்தைப் பார்க்கிற வேகத்தில் இந்த உறுத்தல் நமக்குத் தோன்றாது. ஓவியம் அதற்கு அவகாசம் தருகிறது.

எல்லா ஓவியங்களும் இப்படிக் கைகூடுவதில்லை. இரட்டைக் கோபுரங்கள் தகர்ந்த மறு ஆண்டு, ஜெர்மனியின் காசெல் நகரில் நடந்த டாக்குமென்டா கண்காட்சிக்கு, ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரமும் ஐந்து மீட்டர் அகலமும் கொண்ட துணியில் பழங்களையும் ஒரு தண்ணீர்க் குடுவையையும் வெளிறிய நிறத்தில் வரைந்து அனுப்பினார். தொலைக்காட்சி ஓயாமல் காட்டிய காட்சியை வரைய மறுத்ததே அதன் பொருள். பின்கதை தெரியாதவருக்கோ அது பெரிய பழப் படம், அவ்வளவே.

நீங்கள் குறிப்பிடும் வழக்கு, ஒரு பெல்ஜிய அரசியல்வாதியின் பத்திரிகைப் புகைப்படத்தைப் பற்றியது. டாய்மன்ஸ் அப்படத்தை ஓவியமாக நகலெடுத்துவிட்டார் என்று 2015 ஜனவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நையாண்டியாகச் செய்தது என்ற வாதம் எடுபடவில்லை. பின்னர் இரு தரப்பும் சமரசமாகிவிட்டன. இதில் என் சாய்வு புகைப்படக்காரரின் பக்கம்தான்: முகத்தை அவ்வளவு நெருக்கமாக வெட்டியெடுத்த பார்வை, டாய்மன்ஸ் தூரிகையைத் தொடும் முன்பே அந்தப் புகைப்படத்தில் இருந்தது.