மாலை வகுப்புக்கு என்ன கொடுக்கலாம்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் பார்க்கும் அக்கா கண்ணகி நகரிலிருந்து வருகிறார். நான்காம் வகுப்புப் படிக்கும் தன் மகனுக்குத் தமிழே வாசிக்க வரவில்லை என்று வருத்தப்பட்டார். அவர்கள் பிளாக்கில் ஒரு பெண் மாலையில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லித்தருகிறாராம். நண்பர்கள் சிலர் சேர்ந்து உதவ நினைக்கிறோம். பை, நோட்டு, முடிந்தால் டேப்லெட் வாங்கித் தரலாம், ஞாயிறுதோறும் போய் ஆங்கிலம் கற்பிக்கலாம் என்று பேசிக்கொண்டோம். உங்கள் யோசனை என்ன?

ம.

அன்புள்ள ம.,

பையும் டேப்லெட்டும் இப்போதைக்கு வேண்டாம். அந்தப் பெண்ணுக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுங்கள், குறைந்தது இரண்டு வருடத்துக்கு.

கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்தும் நகரின் மற்ற இடங்களிலிருந்தும் அப்புறப்படுத்தியவர்களைக் கொண்டுவந்து வைத்த இடம் கண்ணகி நகர். பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். வீடு மாறியது, பலருக்கு வேலை பழைய இடத்திலேயே இருந்தது. அம்மா இரண்டு பஸ் மாறி வீடு சேர ஏழு, எட்டு மணி ஆகிவிடும். நான்கு மணிக்குப் பள்ளி விட்டதும் பிள்ளை யார் பொறுப்பு? அந்த இடைவெளியைத்தான் அதே பிளாக்கில் இருக்கும் அக்கா நிரப்புகிறாள். எந்தப் பிள்ளை இரண்டு நாளாகப் பள்ளிக்கே போகவில்லை என்பதும், எந்த வீட்டில் போய்க் கூப்பிட்டால் அனுப்புவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்துபோகிறவர்களுக்குத் தெரியாது.

இது என் அபிப்பிராயம் மட்டும் அல்ல. 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ இந்த வழியில்தான் நடந்தது. உள்ளூர்த் தன்னார்வலர், மாலை நேரம், பக்கத்திலேயே இடம். தமிழகக் கிராமப்புறப் பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வில், கொரோனாவில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கைப் பள்ளி திறந்த ஆறே மாதத்தில் மீட்டுவிட்டது தெரிந்தது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது. தன்னார்வலருக்குக் கிடைத்த ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். ஜவுளிக்கடையில் நின்றால் அதைப்போலப் பல மடங்கு கிடைக்கும் என்னும்போது எவ்வளவு நாள் அவள் தாக்குப்பிடிப்பாள்? அவள் வேலைக்குப் போய்விட்டால் பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால்தான் பணம் அவள் கைக்குப் போகட்டும் என்கிறேன்.

அடுத்தது, வீட்டுப்பாடம் எழுதவைக்கும் இடமாக அது மாறிவிடக்கூடாது. நான்காம் வகுப்புப் பையன் பாடத்தைக் கடகடவென்று ஒப்பிப்பான். நடுவில் ஒரு வரியில் விரலை வைத்து இதைப் படி என்றால் நின்றுவிடுவான். ‘கொடி’ என்பதில் முதலில் கொம்பு, பிறகு ‘க’, பிறகு கால். மூன்றையும் ஒரே ஒலியாகச் சேர்க்கத் தெரியாமல் ‘கெ...’ என்று இழுத்துவிட்டு நம் முகத்தைப் பார்ப்பான். அவனுக்கு நான்காம் வகுப்புப் புத்தகத்தால் பயனில்லை. எழுத்து தெரியாதவர்கள், சொல் படிப்பவர்கள், பத்தி படிப்பவர்கள், கதை படிப்பவர்கள் என்று வகுப்பு பார்க்காமல் பிரிக்க வேண்டும். ‘பிரதம்’ அமைப்பு பல வருடங்களாகச் செய்துவரும் முறை இது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பிள்ளையோடு உட்காரக் கூச்சப்படும். அதை அந்த அக்கா சமாளித்துக்கொள்வாள்.

புத்தகம் வாங்குவதானால் பக்கத்துக்கு இரண்டு வரி, பெரிய எழுத்து, படம் உள்ளவையாக வாங்குங்கள். ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சடித்துப் பின் அடித்தால் போதும். கிழிந்தால் கிழியட்டும். பீரோவில் பூட்டிவைத்த புத்தகத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆங்கிலம் பிறகு வரட்டும். தமிழில் வாசிக்க வந்த பிள்ளைக்கு அது இவ்வளவு பயமாக இருக்காது.

ஞாயிறு வேண்டாம், ஒரு வார நாளில் ஐந்தரை மணிக்குப் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். எது குறைகிறது என்று அவளிடமே கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் முதலில் சொன்னது மழைக்காலத்துக்கு ஓர் இடம். வராந்தாவிலும் மாடிப்படியிலும் நடக்கும் வகுப்பு ஐப்பசி, கார்த்திகையில் நின்றுபோகிறது. கீழ்த்தளத்தில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துத் தர முடியுமா என்று உங்கள் நண்பர்களோடு பேசுங்கள்.