மண்டபம் மகளுக்கா, மொய் நோட்டுக்கா?

அஞ்சலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நமது பகுதி எழுத்தாளர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இந்த முறை எல்லாமே மகள்களைப் பற்றியவை.

கேள்வி: எங்கள் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற மாதம் வயதுக்கு வந்தாள். மண்டபம் பிடித்து, ஃபிளெக்ஸ் வைத்து விழா நடத்த வேண்டும் என்று கணவரும் மாமியாரும் ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். “கூடப் படிக்கிற பையன்கள் எல்லாம் பார்ப்பார்கள், நான் வரமாட்டேன்” என்று அவள் அழுகிறாள். “பெற்ற மகளை நான்கு பேர் முன்னால் கொண்டாடுவதில் என்ன தவறு?” என்கிறார் கணவர். இதுவரை ஊருக்கு நாங்கள் செய்த மொய்யே மூன்று லட்சத்தைத் தாண்டும். என்ன செய்வது?
– வாசகி, மேலூர்

பதில்: கடைசி வரியை முதலில் எழுதியிருந்தால் எனக்கு வேலை மிச்சமாகியிருக்கும், அம்மா. மூன்று லட்சம் திரும்பி வர வேண்டும். அதில் தவறில்லை. செய்த மொய்யைத் திரும்ப வாங்குவதும் ஒரு கணக்குத்தான். ஆனால் அதற்கு ஏழாம் வகுப்புக் குழந்தை ஏன் மாலையும் கழுத்துமாக நிற்க வேண்டும்? பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் போய்ப் பாருங்கள். ஆடி மாதம் ‘மொய் விருந்து’ என்றே பத்திரிகை அடித்து, கறிச்சோறு போட்டு, நோட்டைத் திறந்து வைத்து வாங்குகிறார்கள். ஒளிவுமறைவே கிடையாது. உங்கள் ஊரில் அந்த வழக்கம் இல்லையென்றால் காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று ஏதாவது ஒன்று வராமலா போகும்?

‘எங்கள் வீட்டில் பெண் இருக்கிறாள், மாப்பிள்ளை தேடலாம்’ என்று உறவுக்குச் சொல்வதற்காக அந்தக் காலத்தில் இதை நடத்தினார்கள். இன்று 18 வயதுக்கு முன் திருமணம் செய்தால் குற்றம். பிறகு யாருக்கு, எதற்காக இந்த அறிவிப்பு?

எங்கள் தெருவில் ஒரு விழா பார்த்தேன். ஃபிளெக்ஸில் பெண்ணின் படம் ஒரு மூலையில். ‘அன்புடன் அழைக்கும்’ சித்தப்பாக்களும் பெரியப்பாக்களும் மீசையோடு ஆளுயரத்தில். மேடையில் அந்தக் குழந்தை சிம்மாசன நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கவரிங் ஒட்டியாணத்தை இறுக்கிக் கட்டியதில் சாய்ந்து உட்காரவும் முடியவில்லை. ஒவ்வொரு உறவும் மேடை ஏறும்போது வீடியோக்காரர் சிரிக்கச் சொல்வார், சிரிப்பாள். அவர்கள் இறங்கியதும் ஒட்டியாணத்துக்கு அடியில் விரலை விட்டுத் தளர்த்திக்கொள்வாள். சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. எல்லோரும் பந்திக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றையும் கணவரிடம் கேளுங்கள். மண்டபத்தில் சிம்மாசனம் சரி. வீட்டில் மாதம் மூன்று நாள் தனித் தட்டு, தனிப் பாய், சாமி அறைப் பக்கம் வராதே என்பதெல்லாம் உண்டா? உண்டென்றால் விழாவுக்கு முன் அதை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு ரூபாய் செலவில்லாத கொண்டாட்டம் அது.

மாமியாரைப் பகைத்துக்கொள்ள வேண்டாம். தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது, உளுந்தங்களி, நல்லெண்ணெய் எல்லாவற்றையும் அவர் பொறுப்பில் விடுங்கள். வீட்டோடு, பெண்களோடு முடியட்டும். யார் யாரை அழைப்பது என்பதை மகள் சொல்லட்டும். தாய்மாமன் சீர் செய்தே தீருவேன் என்றால் மிகவும் நல்லது. அவரிடம் தட்டுகளின் எண்ணிக்கையைப் பேசாதீர்கள். மருமகளை நேராகக் கடைக்கு அழைத்துப்போகச் சொல்லுங்கள். சைக்கிளோ, செருப்போ, அவள் கை காட்டுவதை வாங்கித் தரட்டும்.

கேள்வி: எனக்கு இரண்டும் பெண்கள். பெரியவள் பிளஸ் ஒன். மோட்டார் தண்ணீர் ஏற்றாவிட்டால் ஃபுட் வால்வைக் கழற்றிச் சரிசெய்யும் அளவுக்குக் கெட்டிக்காரி. உறவினர்கள் வந்திருந்தபோது, “எனக்கு மகன் இல்லாத குறையே இல்லை, இவள்தான் என் மகன்” என்று பெருமையாகச் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். பாராட்டினாலும் கோபமா?
– வாசகர், ஓசூர்

பதில்: கோபம் வராமல் என்ன செய்யும், தம்பி? வால்வைக் கழற்றியது அவள். பாராட்டு போனதோ பிறக்காத ஒரு பையனுக்கு. அதுவும் விருந்தாளிகள் முன்னால், அந்தக் குறையை நீங்கள் இன்னும் மனதில் வைத்திருக்கிறீர்கள் என்று அவளுக்குத் தெரியும்படி.

“வால்வில்தான் அடைப்பு என்று எப்படிக் கண்டுபிடித்தாய்?” என்று கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை கைப்பேசியைத் தொடாமல் உட்காருங்கள். அடுத்த முறை எலக்ட்ரீஷியன் வந்தால், “மகளிடம் கேளுங்கள், அவளுக்குத்தான் தெரியும்” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். வெளி மனிதர் முன்னால் அப்பா இப்படிச் சொல்வதைப் பெண் பிள்ளைகள் மறப்பதே இல்லை.

சகோதரி சுப்புலட்சுமியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1886இல் பிறந்தவர், குழந்தை மணம் செய்துவைக்கப்பட்டு, சிறுமியாகவே கணவரை இழந்தவர். அவருடைய அப்பா சுப்பிரமணிய ஐயர், சாதி சனம் என்ன சொல்லும் என்று மகளை மூலையில் உட்கார வைக்கவில்லை, படிக்க வைத்தார். 1911இல் சென்னை மாநிலக் கல்லூரியில் சுப்புலட்சுமி பட்டம் பெற்றார். அதற்குப் பிறகு எத்தனையோ இளம் விதவைகளுக்குப் படிப்பும் வேலையும் கிடைக்க அவர் வழிசெய்தார். மகளிடம் இருப்பது என்ன என்று அப்பா பார்த்ததன் பலன் அது.

உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். ‘இரண்டும் பெண்கள்’ என்று தொடங்கியிருக்கிறீர்கள். இளையவளைப் பற்றி அதற்குமேல் ஒரு வார்த்தையும் இல்லையே, தம்பி?

கேள்வி: செப்டம்பர் நான்காம் ஞாயிறு மகள்கள் தினமாமே? என்ன வாங்கிக் கொடுக்கலாம்?
– வாசகர், திருப்பூர்

பதில்: அன்று அவளைச் சமையலறைப் பக்கமே விடாதீர்கள். அண்ணன் பாத்திரம் துலக்கட்டும். சாக்லேட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: மகளுக்கு நான்கு வயது. பிறந்தநாளுக்கு ஆண்டுதோறும் பெரிய கேக், பலூன் அலங்காரம் என்று நிறையச் செலவாகிறது. உருப்படியாக ஏதாவது செய்ய நினைக்கிறேன். செல்வமகள் திட்டத்தில் சேரலாமா?
– வாசகி, விருதுநகர்

பதில்: தாராளமாக. 2015இல் வந்த திட்டம். பெண்ணுக்குப் பத்து வயது ஆவதற்குள் கணக்குத் தொடங்க வேண்டும். அஞ்சலகத்திலும் வங்கியிலும் தொடங்கலாம். ஆண்டுக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம். 15 ஆண்டு கட்டினால் போதும். தொடங்கியதிலிருந்து 21 ஆண்டில் முதிர்வு. பத்தாம் வகுப்பு முடித்த பிறகோ 18 வயதான பிறகோ, மேற்படிப்புக்காக இருப்பில் பாதிவரை எடுக்கலாம்.

கவுன்ட்டரில் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். பாதிப் பேர் படிவத்தை நீட்டும்போதே “கல்யாணத்துக்கு” என்பார்கள், பெண் இடுப்பில் உட்கார்ந்து விரல் சூப்பிக்கொண்டிருப்பாள். நீங்கள் அப்படிச் சொல்லி வளர்க்காதீர்கள். எழுதப் படிக்கத் தெரிந்ததும் பாஸ்புக்கை அவள் கையில் கொடுங்கள். பிறந்தநாள்தோறும் அழைத்துப்போய் அவள் கையாலேயே பணத்தைக் கட்டச் சொல்லுங்கள். 18 வயதானால் கணக்கை நடத்துவதே அவள்தான். கேக்கும் இருக்கட்டும், சின்னதாக.

இதோடு ஒன்று. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவர்கள் கணக்கிலேயே வருகிறது. கல்லூரியில் பெண் வைத்திருக்கும் அப்பாக்களுக்கு என் கேள்வி: அந்த ஏடிஎம் அட்டை யாருடைய சட்டைப் பையில் இருக்கிறது?

கேள்வி: எனக்கு 80 நிறைகிறது. மகளுக்கு 1987இல் நல்லபடியாக நகை போட்டுத் திருமணம் செய்துவைத்தேன். மனைவிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்தபோது ஊரிலிருந்து வந்து தங்கிப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். தாத்தா வழியில் வந்த ஆறு மா நிலத்தையும் நான் கட்டிய வீட்டையும் மகனுக்கு எழுத இருக்கிறேன். மகள் எதுவும் கேட்கவில்லை. சதாபிஷேகத்தில் அவளுக்குப் பட்டுப்புடவை எடுத்து மரியாதை செய்ய ஆசை. வேறு என்ன செய்தால் அவள் மனம் குளிரும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: நமஸ்காரம் ஐயா. கேட்காத மகள் வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தமில்லை. கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற பயத்திலேயே பல பெண்கள் வாய் திறப்பதில்லை.

தாத்தா வழிச் சொத்து முழுவதையும் மகனுக்கு எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989இல் வந்த திருத்தம் மகளுக்கும் பங்கு கொடுத்தது. ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன் மணமானவர்களை விட்டுவிட்டது. உங்கள் மகள் அப்படி விடுபட்டவர். 2005 செப்டம்பரில் வந்த மத்திய அரசின் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கிவிட்டது. மகளுக்கு அது பிறப்புரிமை என்று 2020இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நிலம் உங்கள் கைக்கு எப்படி வந்தது, 2004 டிசம்பர் 20க்கு முன் பாகப்பிரிவினை நடந்ததா என்பதைப் பொறுத்து நிலைமை மாறும். மூலப்பத்திரங்களோடு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

வீடு நீங்கள் சம்பாதித்துக் கட்டியது. யாருக்கு வேண்டுமானாலும் உயில் எழுதலாம். எழுதாமல் போனால் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டமே சொல்கிறது. சட்டம் தானாகவே கொடுப்பதை நீங்கள் பேனா எடுத்து எதற்காக மறுக்க வேண்டும்? அன்று போட்ட நகையைப் பங்கு என்று கணக்கு வைக்காதீர்கள். மகனைப் படிக்க வைத்த செலவை யாராவது கழித்தார்களா?

உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். பதிவு கட்டாயமில்லை, பதிந்தால் நல்லது. எழுதும் முன் மகனையும் மகளையும் ஒன்றாக உட்கார வைத்து நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள். சதாபிஷேகத்தன்று சபையில் சொல்ல வேண்டாம். அதற்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட்டால் மகன் முணுமுணுத்து ஓய்வதற்கும் நேரம் கிடைக்கும். பட்டுப்புடவையும் எடுங்கள், நிறத்தை மட்டும் அவளிடம் கேட்டுவிடுங்கள்.