நண்டு சாப்பிட்ட மறுநாள் பேதி, ஸ்டூல் கல்ச்சரில் (மலத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி வளரவில்லை. அப்படியென்றால் கிருமித்தொற்று இல்லையா?

கேட்டவர் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்துக்காரர். அந்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்துத் தொற்று இல்லை என்று சொல்ல முடியாது. பல லேப்களில் ஸ்டூல் கல்ச்சர் என்றால் சால்மோனெல்லா, ஷிகெல்லா இரண்டையும்தான் தேடுவார்கள். மெக்கான்கி, எக்ஸ்எல்டி என்ற கிருமி வளர்ப்புத் தட்டுகளோடு வேலை முடிந்துவிடும். நண்டு, இறால், கணவாய் சரியாக வேகாமல் போனால் வரக்கூடியது விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ். உப்பில்லாமல் வளராத கிருமி. மெக்கான்கியில் தலைகாட்டினாலும் வெளிறிய மற்ற காலனிகளுக்குள் (கிருமி வளர்ந்த திட்டுகள்) கலந்து கண்ணில் படாது.

அதனால் டாக்டரிடம் சொல்லி, சீட்டிலேயே ‘கடல் உணவு சாப்பிட்டவர், விப்ரியோ பார்க்கவும்’ என்று எழுத வையுங்கள். அந்த ஒரு வரி இருந்தால்தான் விப்ரியோவுக்கென்றே உள்ள டிசிபிஎஸ் தட்டை எடுப்பார்கள்.

முதலில், பிஎச் 8.6 வைத்து 1% உப்புச் சேர்த்த காரப் பெப்டோன் நீரில் (கிருமி வளர்க்கும் திரவம்) மலத்தைக் கொஞ்சம் கலந்து, 37 டிகிரியில் 6 முதல் 8 மணி நேரம் வைப்பார்கள். விப்ரியோ மேற்பரப்புக்கு வந்துவிடும். குழாயைக் குலுக்காமல் மேலிருந்தே ஒரு லூப் (கம்பி வளையம்) அளவு எடுத்து டிசிபிஎஸ்ஸில் கீற வேண்டும். பெப்டோன் நீரை ராத்திரி முழுக்க விட்டால் மற்ற கிருமிகள் முந்திக்கொள்ளும். மறுநாள் பச்சைக் காலனி என்றால் பாராஹீமோலிட்டிகஸ் சந்தேகம், மஞ்சள் என்றால் காலரா சந்தேகம். ஆனால் கடல்நீரில் சாதாரணமாகத் திரியும் இன்னொரு விப்ரியோவான ஆல்ஜினோலிட்டிகஸும் மஞ்சள்தான். வெவ்வேறு அளவு உப்புள்ள குழாய்களில் வளர்த்தால் பிரித்துக் காட்டும்: காலரா உப்பே இல்லாமலும் வளரும், பாராஹீமோலிட்டிகஸ் 8% வரை தாங்கும், ஆல்ஜினோலிட்டிகஸ் 10 சதவீதத்திலும் வளரும். டிசிபிஎஸ் காலனியிலேயே நேராக ஆக்சிடேஸ் (கிருமியை அடையாளம் காணும் ஒரு சோதனை) போடுவது அடிக்கடி நடக்கும் பிழை, முடிவு தப்பாக வரும். உப்புச் சேர்த்த நியூட்ரியன்ட் அகாரில் மாற்றி வளர்த்துத்தான் போட வேண்டும்.

சாம்பிள் விஷயத்தில் கவனம் உங்கள் கையில். ஆன்டிபயாடிக் முதல் மாத்திரைக்கு முன்பே எடுங்கள். பினாயில், பிளீச்சிங் பட்ட இடத்திலிருந்து அள்ள வேண்டாம். ராமநாதபுரம் லேபில் தட்டில் ஏற 2 மணி நேரத்துக்கு மேல் ஆகுமென்றால் கிருமி சாகாமல் சாம்பிளை அனுப்ப உதவும் கேரி-பிளேர் குழாய் கேளுங்கள். மீன் பெட்டி மாதிரி ஐஸ் வைத்து அனுப்பாதீர்கள், விப்ரியோவுக்குக் குளிர் ஆகாது. வெயிலில் வண்டிக்குள் விட்டுவிடவும் கூடாது.

ரிசல்ட் வர 2, 3 நாள் ஆகும். ஓஆர்எஸ் கரைசலுக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். அரிசி கழுவிய தண்ணீர் போலப் போனால் உடனே ஆஸ்பத்திரி.