அக்ரகார வீட்டுக்குள் வெயில் கூரை வழியாகத்தான் வருகிறது

கேள்வி: பாலக்காடு கல்பாத்தியில் எங்கள் தாத்தா காலத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. ஓட்டைப் பிரித்துக் கான்கிரீட் தளம் போட்டு, முற்றத்தை மூடி, எல்லா அறைகளுக்கும் ஏ.சி. வைக்கலாம் என்கிறார் ஒப்பந்ததாரர். வீட்டின் களை கெடாமல் மின்கட்டணத்தையும் குறைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. ஒப்பந்ததாரர் சொல்லும் மூன்றையும் செய்யாதிருப்பதே அதன் முதல் படி.

உங்கள் வீட்டுக்கு இருபுறமும் பொதுச்சுவர் என்பதால் பக்கச் சுவர்களில் வெயில் படுவதில்லை. பங்குனி, சித்திரையில் உள்ளே இறங்கும் சூட்டில் பெரும்பகுதி கூரை வழியாகவே வருகிறது. கான்கிரீட் தளம் பகலெல்லாம் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவில், நீங்கள் படுத்திருக்கும் நேரத்தில், கீழே விடும். மெல்லிய மங்களூர் ஓடோ பகலில் காய்ந்தாலும் பொழுது சாய்ந்ததும் விரைவில் ஆறிவிடும். ஆகவே பகல் சூட்டைத் தடுத்தால் போதும். ஓடுகளைப் பிரித்துக் கழுவி, உளுத்த சட்டங்களை மட்டும் மாற்றி, ஓட்டுக்கு அடியில் அலுமினியப் பூச்சுள்ள தகட்டுத்தாளை விரித்து, அதன் பளபளப்பான முகத்துக்கும் கீழே வரும் மரப்பலகைக் கூரைக்கும் நடுவே ஓர் அங்குலமாவது காற்றிடைவெளி விடச் சொல்லுங்கள். அந்த இடைவெளி இல்லாமல் தாளைப் பலகையோடு ஒட்டினால் பயன் போய்விடும். வேலையாட்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

அடுத்தது முற்றம். பக்கச் சுவரில் ஜன்னல் வைக்க முடியாத வீட்டுக்கு வெளிச்சமும் காற்றும் தருவது அதுதான். உள்ளே சூடான காற்று முற்றத்தின் வழியே மேலெழும்ப, ரேழி எனும் வாசல் நடையிலிருந்தும் கொல்லையிலிருந்தும் புதுக்காற்று உள்ளே வரும். கணவாய்க் காற்று வீசும் ஊரில் இதை அடைப்பது பெரும் இழப்பு. மழைக்கும் குரங்குக்கும் அஞ்சினால், கம்பி வலை போட்டு, கூரைக்கு ஒன்றரை அடி மேலே கண்ணாடித் தகடு நிறுத்தி, நாற்புறமும் திறந்து விடுங்கள்.

சுவர்களில் சிமென்ட் பூசவே வேண்டாம். சுண்ணாம்புக் காரையில் எழும்பிய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விட்டபடி இருக்கும். மேலே சிமென்ட் அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பொருமி விழும். பழுதான இடங்களில் நன்கு ஊறிய சுண்ணாம்பையே பூசி, சுண்ணாம்பே அடியுங்கள். கூலி கூடும், நாளும் ஆகும். ஆனாலும் செலவழிக்கத் தக்க இடம் இதுதான்.

ஏ.சி. அவசியமானால் பலகைக் கூரையின் இடுக்குகளை நன்கு அடைத்த ஒரே ஒரு படுக்கையறைக்கு மட்டும் வையுங்கள். மற்ற இடங்களுக்கு 30 வாட் அளவிலான பி.எல்.டி.சி. (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்ட) மின்விசிறி போதும், பழைய விசிறி 75 வாட் வரை இழுக்கும். சூரியத் தகடுகளைத் தெருவிலிருந்து தெரியாதபடி பின்கட்டுக் கூரையில், நிழல் விழாத பக்கமாகப் பொருத்தலாம். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் ரூ.78,000 மானியம் உண்டு.

சிவப்பு ஆக்சைடு தரை, மாடப்பிறை, ஊஞ்சல் வளையம், திண்ணைத் தூண்கள் ஆகியவற்றை அப்படியே விடுங்கள். தரையின் மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டால் பிறகு அதை மீட்க முடியாது. கல்பாத்தி பாரம்பரியக் கிராமமாக அறிவிக்கப்பட்டது. ஆதலால் முகப்பில் கை வைக்கும் முன் வரைபடத்துடன் நகராட்சியில் எழுத்துமூலம் அனுமதி பெற்றுவிட்டு, ஓடு பிரிக்கும் வேலையை இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.