முதல் டிஜிட்டல் பியானோ: கேட்டவர்களுக்கு ஒரு பியானோ வாத்தியாரின் பதில்கள்

பாளையங்கோட்டையில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு வீட்டில் வைத்துப் பியானோ சொல்லிக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வாசிப்பதும் உண்டு. முழுப்பரீட்சை முடியப் போகிறது என்றாலே "என்ன வாங்க?" என்று கேட்டு ஆள் மாற்றி ஆள் வருவார்கள். இந்த வருஷம் வந்த கேள்விகளை ஊர்ப்பெயரோடு போட்டு, என் பதிலையும் எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரம்: அண்ணாச்சி, மக ஆறாம் வகுப்பு படிக்கா. பியானோ படிக்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. 61 கட்டை கீபோர்டு ஒண்ணு பாத்தேன். டிஜிட்டல் பியானோன்னா அதைவிட மூணு மடங்கு சொல்லுதாக. ரெண்டுலயும் பியானோ சத்தம் வருதுல்லா, பொறவு என்ன வித்தியாசம்?

அந்தக் கூடுதல் பணம் சத்தத்துக்கு இல்லையம்மா, கட்டைக்கு. நிஜப் பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழும்பிக் கம்பியை அடிக்கும். 1700-ஐ ஒட்டி இத்தாலியில் பார்தொலொமியோ கிறிஸ்தோஃபோரி செய்த கருவியின் சிறப்பே அதுதான். அதற்கு முன்னால் இருந்த ஹார்ப்சிகார்டு கம்பியைச் சுண்டும். எப்படித் தொட்டாலும் ஏறக்குறைய ஒரே சத்தம். பியானோ மெல்லத் தொட்டால் மெல்லப் பேசும், ஓங்கினால் ஓங்கும். டிஜிட்டல் பியானோவில் கம்பி கிடையாது. ஆனால் அந்தச் சுத்தியலின் கனத்தை ஒவ்வொரு கட்டைக்குப் பின்னாலும் வைத்திருப்பார்கள். சாதாரண கீபோர்டில் இருப்பது ஸ்பிரிங்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வீட்டில், "முதல்ல கீபோர்டு போதும், பொறவு பாத்துக்கிடலாம்" என்று நான்தான் சொன்னேன். பிள்ளை கெட்டிக்காரி. ரெண்டு வருஷம் பழகி, பரீட்சைக்குப் போய் நிஜப் பியானோ முன்னால் உட்கார்ந்தாள். வலதுகையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் தொட்ட இடமெல்லாம் பாதிக்குப் பாதி சத்தமே வரவில்லை. விரல் சரியான கட்டையில்தான் விழுந்தது. அழுத்தத்தான் பெலன் இல்லை. நடுவில் நிறுத்தி, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது அவள் தப்பு இல்லை, என் தப்பு. அன்றிலிருந்து பியானோ படிக்க வருகிற யாருக்கும் ஸ்பிரிங் கட்டையை நான் சொல்வதில்லை. மகளுக்கு 88 கட்டை, சுத்தியல் கனம் உள்ளதாகப் பாருங்கள். இப்போது முடியாவிட்டால் ஆறு மாதம் சேர்த்து வைத்து வாங்குங்கள். அதுவரை பிள்ளை என்னைப் போல ஒருத்தர் வீட்டில் வந்து பழகட்டும்.

வள்ளியூர்: கடைக்காரர் எல்லாத்தையும் 'வெயிட்டட்', கனம் உள்ள கட்டைன்னுதான் சொல்லுதாரு. நமக்கு எப்படித் தெரியும்?

வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டு ஒரு வெள்ளைக் கட்டையை ரொம்ப மெதுவாக அழுத்துங்கள். ஸ்பிரிங் என்றால் கீழே போகப் போக எதிர்த்துத் தள்ளும். சுத்தியல் என்றால் ஊஞ்சலைத் தள்ளுகிற மாதிரி, முதலில் கனக்கும், நகர்ந்துவிட்டால் தானாகப் போகும். விட்டதும் உள்ளே ஏதோ திரும்பி விழுவதை விரல் உணரும். அடுத்து இடதுகோடிக் கட்டை ஒன்று, வலதுகோடிக் கட்டை ஒன்று, மாற்றி மாற்றி அழுத்துங்கள். இடது கோடி கனமாகவும் வலது கோடி லேசாகவும் இருந்தால் அதைத்தான் 'கிரேடட்' என்கிறார்கள். நிஜப் பியானோவும் அப்படித்தான். 'செமி வெயிட்டட்' என்று எழுதியிருந்தால் அது ஸ்பிரிங்தான்; கொஞ்சம் கனம் சேர்த்திருப்பார்கள், அவ்வளவுதான்.

தென்காசி: மாடல் பேரைச் சொல்லுங்க அண்ணாச்சி, சுத்தி வளைக்காதீங்க.

யமஹா பி-145, ரோலண்ட் எஃப்பி-10, கேசியோ சிடிபி-எஸ்110. முதல் பியானோவுக்கு இந்த மூன்றில் எதை எடுத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். என் விரலுக்குப் பிடித்தது ரோலண்டின் கட்டை. மெதுவாக அழுத்தினால் பாதிக்கு மேல் ஒரு சின்னத் தட்டல் கிடைக்கும். பெரிய பியானோவில் சுத்தியல் கழன்றுகொள்கிற இடம் அது. கேசியோ ஆறு பென்சில் பேட்டரியிலும் ஓடும். உங்கள் பக்கம் கரண்டு அடிக்கடி போகுமென்றால் அதை யோசியுங்கள். யமஹாவில் கட்டையும் சத்தமும் நிதானமாக இருக்கும், பழைய பாட்டுக்காரர்கள் விரும்புவார்கள். பில் போடுவதற்கு முன்னால் சர்வீஸுக்கு எங்கே போக வேண்டும் என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.

நூற்றுக்கணக்கான சத்தம் இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். படிக்கிற பிள்ளைக்கு நல்ல பியானோ சத்தம் ஒன்று போதும்.

திசையன்விளை: நான் சபையில கீர்த்தனை வாசிக்கணும். தாளம் ஓடணும். டிஜிட்டல் பியானோல ரிதம் இல்லங்காங்களே?

பெரும்பாலும் உண்மைதான் தம்பி. பாடகர் குழுவுக்குத் தாளத்தோடு, சீக்கிரமாக வாசிக்க வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் ரிதம் உள்ள 61 கட்டை கீபோர்டே உங்களுக்குச் சரி. அது தாழ்ந்த கருவி இல்லை, வேறு கருவி. ஆனால் பாமாலைப் பாட்டை நாலு குரலில், இடதுகையில் பேஸும் டெனரும் வலதுகையில் ஆல்ட்டோவும் சொப்ரானோவுமாகப் பிடிக்க ஆசை இருந்தால், கனமான கட்டையில் பழகுங்கள். நாலு குரலையும் ஒரே சமயத்தில் அழுத்தி, மேல் குரலான சொப்ரானோவை மட்டும் தூக்கிக் காட்டுகிற விரல் அதில்தான் வரும்.

நாங்குநேரி: டிரினிட்டி பரீட்சைக்கு எது வாங்க?

லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்துகிற இசைப் பரீட்சையில் பியானோவுக்குத் தனிப் பாடத்திட்டம், எலக்ட்ரானிக் கீபோர்டுக்குத் தனிப் பாடத்திட்டம். எதில் சேர்க்கப் போகிறார் என்று டீச்சரிடம் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். கருவியை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்றபடி பாடத்தை மாற்றின வீடுகளைப் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டப்படும்.

திருநெல்வேலி டவுன்: மக வாய்ப்பாட்டு படிக்கா, சுருதி 5.5 கட்டை. சுவரம் பாத்துக்கிட இது உதவுமா?

சுவரஸ்தானம் பிடிக்க நன்றாக உதவும். சுருதியில் ஒன்றாம் கட்டை என்றால் சி. ஐந்தரை ஜி ஷார்ப். சுருதியை ஏற்றி இறக்குகிற டிரான்ஸ்போஸை மைனஸ் 4-இல் வைத்தால், சி-யில் ஸட்ஜமம் வைத்து மாயாமாளவகௌளை வாசித்தாலே அவள் சுருதியில் பேசும். சுவரத்தை அசைக்கிற கமகம் மட்டும் வராது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவே இதில் வழி இல்லை, அதற்கு வீணையும் வயலினும்தான். பாட்டுக்காக மட்டும் என்றால் இவ்வளவு செலவு வேண்டாம் அம்மா, சின்ன கீபோர்டு போதும்.

ஏரல்: பழசு ஒண்ணு பாதி விலைக்கு வருது. எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் உங்கள் ஊர்ப் பக்கம் என்பதால் ஒன்று சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18-இல் வந்த மழையில் தாமிரபரணிக் கரை வீடுகளில் என்ன நடந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தண்ணீரில் நின்ற கருவியைத் துடைத்து, காயவைத்து விற்பவர்களும் உண்டு. பியானோவைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கத்து ஸ்குரூத் தலைகளைப் பாருங்கள். துரு இருக்கிறதா, கட்டைகளுக்கு நடுவில் செம்மண் கோடு தெரிகிறதா, அடாப்டர் சொருகுகிற இடத்தில் பச்சை பூத்திருக்கிறதா? ஒன்று இருந்தாலும் வேண்டாம்.

பிறகு பொறுமையாக 88 கட்டையையும் ஒவ்வொன்றாக, முதலில் மெதுவாக, அப்புறம் ஓங்கி அடித்துப் பாருங்கள். மெதுவாகத் தொட்டும் ஒரு கட்டை மட்டும் கத்தினால் உள்ளே ரப்பர் காண்டாக்டில் அழுக்கு அல்லது தேய்மானம். அதைச் சரிசெய்யலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். அடாப்டர் அந்தக் கருவியோடு வந்ததுதானா என்றும் பாருங்கள். வோல்ட் ஒன்றாக இருந்தாலும் உள்முனை பிளஸ், மைனஸ் மாறினால் உள்ளே இருக்கிற சர்க்யூட் போர்டு போய்விடும்.

கோவில்பட்டி: புளூடூத் ஹெட்போன் போட்டு ராத்திரி பழகலாமா?

வயர் உள்ளது போடுங்கள். புளூடூத்தில் விரல் விழுந்து ஒரு நொடியில் சிறு பங்கு கழித்துத்தான் சத்தம் வரும், தாளம் கெடும்.

பாளையங்கோட்டை: ரிட்டயர்டு ஆயாச்சு. விரல் வளையுமா தம்பி?

வளையும் ஐயா. என்னிடம் அறுபதைத் தாண்டி வந்து, ரெண்டு கையும் சேர்த்துப் பாமாலை வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கும் கனமான கட்டைதான், ஆனால் ஆரம்பத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் உட்காராதீர்கள். விரல் வலித்தால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள்.

சேரன்மகாதேவி: வாங்கியாச்சு. எங்க வைக்க, ஸ்டாண்டு தனியா வாங்கணுமா?

பெருக்கல் குறி மாதிரி மடங்குகிற ஸ்டாண்டு ஓங்கி வாசித்தால் ஆடும், முட்டியும் இடிக்கும். நாலு காலுள்ளதாக எடுங்கள், அல்லது ஆசாரியிடம் சொல்லி ஒரு மேசை அடியுங்கள். கட்டையின் மேல்பக்கம் தரையிலிருந்து 73 சென்டிமீட்டர் அளவில் இருக்கட்டும். பிள்ளை உட்கார்ந்தால் முழங்கை கட்டை மட்டத்துக்கு வரவேண்டும். வராவிட்டால் ஸ்டூலைத்தான் உயர்த்த வேண்டும். கூட வருகிற குட்டிப் பெடல் தரையில் வழுக்கிக்கொண்டே போகும், அடியில் பழைய ரப்பர் மிதியடித் துண்டு ஒன்று போடுங்கள்.

சன்னல் ஓரம் வேண்டாம், மேலக்காற்று காலத்தில் புழுதி உள்ளே போய்விடும். பழைய வேட்டி ஒன்றை ரெண்டாக மடித்து மூடுங்கள். பூட்டிவைக்கிற அறையிலும் வேண்டாம். ஆள் நடமாட்டம் உள்ள பட்டாலையில் வையுங்கள், பிள்ளை போகும்போதும் வரும்போதும் நாலு கட்டை தட்டிவிட்டுப் போவாள்.